பெண்ணை ஏசும் வரி வந்தால் என்ன செய்வது? கிரேக்கத் துன்பியல் நாடகங்களை வாசிக்க ஒரு வழிகாட்டி

"யூரிப்பிடீஸ் பெண்களை வெறுத்தவரா? விவாதிக்க." நான் ஆங்கில இலக்கியம் நடத்திய காலத்தில், பழைய கிரேக்க நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸைப் பற்றிய இந்தக் கேள்வி தேர்வுத் தாளில் அடிக்கடி தலைகாட்டும். பிள்ளைகள் பாதிப் பக்கம் ஆமாம் என்றும் பாதிப் பக்கம் இல்லை என்றும் எழுதுவார்கள். கடைசியில் "அந்தக் காலம் அப்படி" என்று ஒரு வரி போட்டு, மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். மதுரையில் என் வீட்டு மாடியில் ஒரு சிறிய வாசிப்பு வட்டம் நடக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் சிலர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, அவ்வப்போது அவருடைய மகள். தேர்வு இல்லாததால் அந்தக் கேள்வியும் இல்லை. ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். பெண்களை மொத்தமாக ஏசும் ஒரு வரி வரும். புத்தகத்தை மூடிவிடலாமா என்று கேட்பார்கள். மூட வேண்டாம். அந்த வரியோடு எப்படி மல்லுக்கட்டுவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கையில் என்ன வேண்டும்

ஓரத்தில் வரி எண் போட்ட மொழிபெயர்ப்பாகப் பாருங்கள். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருந்தாலும் எண் இருந்தால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். முன்னுரையை முதலில் படிக்காதீர்கள். பேராசிரியரின் தீர்ப்பு மனத்தில் உட்கார்ந்துவிட்டால் அதை எழுப்புவது கடினம்.

இரண்டு பென்சில்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். "பெண்கள் என்றாலே இப்படித்தான்" என்று யாராவது பொதுப்படப் பேசினால் சிவப்பு. மேடையில் ஒரு பெண் இருந்தும் அவளுக்கு வசனம் இல்லையென்றால் நீலம். சிவப்பு தானாகக் கண்ணில் படும். நீலத்தைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பின்னணியாக இவ்வளவு தெரிந்தால் போதும். நாம் வாசிக்கப்போகும் நாடகங்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், தயோனிசஸ் தெய்வத்தின் விழாவில் போட்டியாக நடந்தவை. நடிகர்கள் எல்லோரும் ஆண்கள், முகமூடி அணிந்தவர்கள். பேசும் வேடங்கள் அத்தனையையும் மூன்று நடிகர்களே மாற்றி மாற்றி ஏற்றார்கள். "கொரிந்து நகரப் பெண்கள்" என்று வரும் குழுப்பாடகர்களும் ஆண்களே. பார்வையாளர்களில் பெண்கள் இருந்தார்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் ஒரு பெண்ணுக்குத் தந்தையோ கணவனோ மகனோ காவலனாக இருந்தாக வேண்டும். கி.மு. 451இல் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வெளியூர் மனைவியான மெடேயாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்தச் சட்டத்தோடு வாழ்ந்தவர்கள்.

வாசிப்பு வட்டத்தில் பாத்திரம் பிரிக்கும்போது பெண் வேடங்களை ஆண்களிடம் கொடுங்கள். எங்கள் வட்டத்தில் மெடேயா அந்த வங்கிப் பெரியவர்தான். முதல் நாள் கூச்சப்பட்டார். இப்போது வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு வரியை எடுத்து, முழுதாகப் பிரித்துப் பார்த்தல்

முறையை விளக்க ஒரே ஒரு வரி போதும். சோஃபோக்ளிஸின் 'அஜாக்ஸ்', 293ஆம் வரி: "பெண்ணே, பெண்களுக்கு மௌனமே அணி."

அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் முதல் பகுதியில் இதை எடுத்துக்காட்டுகிறார். கவிஞர் சொன்னது போல மௌனம் பெண்ணுக்குப் பெருமை தரும், ஆணுக்கு அப்படி இல்லை என்பது அவர் கருத்து. நமக்கும் இது பழகிய ஓசைதான். "பேதைமை என்பது மாதர்க்கு அணிகலம்" என்று கொன்றைவேந்தனை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். நீதிநூலில் அப்படி ஒரு வரி தன்னந்தனியாக நிற்கும், சொன்ன வாயும் கேட்ட காதும் அங்கே இருக்காது. நாடகத்தில் இரண்டும் உண்டு. அவற்றைத் தேடிப் போக நான்கு கேள்விகள் கேட்கிறேன். யார் சொல்வது? யாரிடம்? சொல்வதற்குச் சற்று முன் என்ன நடந்தது? சொன்ன பிறகு என்ன ஆகிறது?

டிராய்ப் போர் முகாம். இறந்துபோன பெருவீரன் அகிலீஸின் ஆயுதங்கள் தனக்குக் கிடைக்காமல் ஒடிசியஸுக்குப் போய்விட்ட ஆத்திரத்தில் அஜாக்ஸ் இருக்கிறான். நள்ளிரவு. மாலையில் ஏற்றிய தீபங்கள் அணைந்துவிட்டன. இருபுறமும் கூர்மையான வாளை எடுத்துக்கொண்டு கூடாரத்தை விட்டுக் கிளம்புகிறான். டெக்மெஸ்ஸா பார்த்துவிடுகிறாள். அவள் அவன் போரில் கவர்ந்து வந்த பெண்; அவளுடைய ஊரை அழித்தவனே அவன்தான்; இப்போது அவனுக்கு ஒரு மகனைப் பெற்றுக் கொடுத்திருக்கிறாள். அவள் கேட்கிறாள்: என்ன செய்கிறீர்கள்? யாரும் ஆள் அனுப்பவில்லை, எக்காளம் ஊதவில்லை, படை முழுவதும் தூங்குகிறதே, எங்கே கிளம்புகிறீர்கள்? இதற்கு வரும் பதில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி.

பிறகு நடந்தது என்ன? அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அவன் வெளியே போகிறான். படைத்தலைவர்களை வெட்டிச் சாய்ப்பதாக நினைத்துக்கொண்டு, அதீனா தேவி ஏற்றிய பித்தில், ஆட்டையும் மாட்டையும் வெட்டித் தள்ளுகிறான். விடிந்து பித்து தெளிந்ததும் அவமானம் தாங்காமல் சாகிறான். அந்த இரவில் அந்த முகாமிலேயே சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் டெக்மெஸ்ஸா.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வரியை அஜாக்ஸ் மேடையில் நேரடியாகச் சொல்வதே இல்லை. நடந்ததை மாலுமிகளிடம் விவரிக்கும்போது டெக்மெஸ்ஸாதான் சொல்கிறாள். அதுவும் எப்படி? "சுருக்கமாகத்தான் பதில் சொன்னார், எப்போதும் பாடும் பாட்டு" என்று முன்னுரை போட்டுவிட்டுச் சொல்கிறாள். அவளுக்கே கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பழமொழி அது. அரிஸ்டாட்டில் எடுத்துக் கொடுத்த துண்டில் அந்தப் புளிப்பு இல்லை.

இந்த இடத்தில் எங்கள் வட்டத்தில் ஒரு திருப்திப் பெருமூச்சு கிளம்பும்: ஆக, சோஃபோக்ளிஸ் நம் பக்கம். அவசரப்படாதீர்கள். நீலப் பென்சிலோடு கடைசிப் பகுதிக்குப் போங்கள். அஜாக்ஸின் உடலை முதலில் காண்பவள் டெக்மெஸ்ஸா, அதைப் போர்த்தி மூடுபவளும் அவளே. அதன் பிறகு உடலை அடக்கம் செய்யலாமா கூடாதா என்று மெனலாஸ், டியூசர், அகமெம்னன், ஒடிசியஸ் எல்லோரும் வரிசையாக வந்து வாதிடுகிறார்கள். டெக்மெஸ்ஸா பிள்ளையோடு உடலின் அருகில் உட்கார்ந்திருக்கிறாள், நாடகம் முடியும் வரை ஒரு சொல் பேசாமல். மூன்று நடிகர் கணக்கில் அவளுக்குக் குரல் மிச்சமில்லை, யாரோ ஒரு துணை நடிகர் அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். மௌனமே அணி என்ற வரியைப் பகடி செய்த அதே நாடகம், முடிவில் அவளுக்கு அந்த அணியைப் பூட்டிவிடுகிறது. நடிகர் பற்றாக்குறை காரணமா, கவிஞரின் கணக்கா? நான் இரண்டாவதன் பக்கம். வங்கிப் பெரியவர் முதலாவதன் பக்கம்.

பிள்ளை வேண்டும், பெண் வேண்டாம்

சிவப்புக் கோடுகள் சேரச் சேர, ஒரே ஆசை வேறு வேறு வாய்களில் திரும்ப வருவதைக் காண்பீர்கள். பெண்ணே இல்லாமல் பிள்ளை பெற வேண்டும் என்ற ஆசை. மூன்று நாடகங்களில் அதைப் பிடித்துக்கொண்டு போனால், ஏசும் வரிகளை எப்படி எடைபோடுவது என்பது தெளிவாகும்.

யூரிப்பிடீஸின் 'மெடேயா', கி.மு. 431. மனைவியைக் கைவிட்டு அரசன் மகளை மணந்த ஜேசன், தான் செய்தது எல்லாம் குடும்ப நன்மைக்கே என்று நீட்டி முழக்குகிறான். முடிக்கும்போது சொல்கிறான்: மனிதர்கள் வேறு எங்கிருந்தாவது பிள்ளை பெற வழி இருந்திருக்க வேண்டும், பெண் இனமே இல்லாமல் இருந்திருக்க வேண்டும், அப்போது ஆண்களுக்குத் துன்பமே இருந்திருக்காது (573 முதல்). இந்த வரிக்குச் சிவப்புக் கோடு போட்ட கையோடு கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். பெற்ற பிள்ளைகளைக் கொன்றுவிட்டு மெடேயா சூரியனின் தேரில் மேலே நிற்கிறாள். கீழே நின்று ஜேசன் கெஞ்சுவது எதற்காக? பிள்ளைகளின் மெல்லிய உடலை ஒரே ஒருமுறை தொட்டுப் பார்க்க விடு என்று. பெண் இல்லாத உலகம் கேட்டவன் பிள்ளை இல்லாத உலகத்தில் நிற்கிறான். அவன் விருப்பத்தை நாடகம் எழுத்துக்கு எழுத்து வாங்கி, தலைகீழாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

மூன்று ஆண்டு கழித்து, அவருடைய 'ஹிப்போலிட்டஸ்', கி.மு. 428. மாற்றாந்தாய் ஃபீட்ராவுக்குத் தன் மேல் காதல் என்று தாதி வந்து சொன்னதும் ஹிப்போலிட்டஸ் வெடிக்கிறான். கள்ள நாணயம் போன்ற இந்தப் பெண்ணை, ஜீயஸே, ஏன் வெளிச்சத்தில் விட்டாய்? கோயிலில் பொன்னோ இரும்போ வெண்கலமோ எடை வைத்துக் கொடுத்து, அவரவர் தகுதிக்கு ஏற்பப் பிள்ளை விதையை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கலாமே! பெண்களை எவ்வளவு வெறுத்தாலும் எனக்குச் சலிக்காது என்று முடிக்கிறான். ஐம்பது வரிகளுக்கு மேல் நீளும் இந்த வசையை மனத்துக்குள் வாசிக்காதீர்கள். ஒருவரை எழுந்து நின்று உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஃபீட்ராவின் பகுதியை வாசிக்கிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கட்டும். ஏனென்றால் ஃபீட்ரா சற்று முன்தான் கதவருகே நின்று உள்ளே நடக்கும் பேச்சை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வசை அவள் காதில் விழுகிறது. அவள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. தாதியை அனுப்பவும் இல்லை. காதலை மறைத்துப் பட்டினி கிடந்து சாகத்தான் முடிவெடுத்திருந்தாள். வசையைக் கேட்ட பிறகுதான் முடிவு மாறுகிறது: நான் சாவேன், ஆனால் என் துன்பத்தின் மேல் ஏறி நின்று அவன் செருக்கடைய விடமாட்டேன். தூக்கிட்டுச் செத்த அவள் கையில் ஒரு பலகை, அதில் ஹிப்போலிட்டஸ் தன்னைக் கெடுத்துவிட்டான் என்ற பொய். அந்தப் பொய் அவனைக் கொல்கிறது.

மூன்றாவது, காலத்தால் மூத்தது. ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டெயா' முந்நாடகத்தின் கடைசிப் பகுதியான 'யூமெனிடிஸ்', கி.மு. 458. தந்தை அகமெம்னனைக் கொன்றதற்குப் பழியாகத் தாய் கிளைட்டெம்னெஸ்ட்ராவைக் கொன்ற ஒரெஸ்டஸ் மேல் ஏதென்ஸில் வழக்கு நடக்கிறது. அவனுக்காக வாதிடும் அப்போலோ சொல்கிறான்: தாய் என்று அழைக்கப்படுகிறவள் பிள்ளையைப் பெற்றவள் அல்ல, விதைத்த கருவை வளர்க்கும் செவிலி மட்டுமே, பெற்றவன் ஆண்தான். சாட்சி வேண்டுமா? தாயே இல்லாமல் பிறந்த அதீனா இதோ நிற்கிறாள்.

அப்போலோவின் வாதம் அவன் கற்பனை மட்டும் அல்ல. அனக்சகோரஸ் போன்ற இயற்கைத் தத்துவவாதிகளும் விதை ஆணிடமிருந்து வருகிறது, பெண் இடம் தருகிறாள் என்று கருதியதாக அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார்.

ஜேசன் ஆசைப்பட்டான், தோற்றான். ஹிப்போலிட்டஸ் ஆசைப்பட்டான், செத்தான். அப்போலோ அதையே சட்ட வாதமாக வைத்தான், வழக்கை வென்றான். ஏசும் வரியை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: நாடகம் அந்த வரிக்கு விலை கேட்கிறதா, பரிசு தருகிறதா? வரியின் காரம் இதற்கு உதவாது. காரம் என்று பார்த்தால் ஹிப்போலிட்டஸுக்குத்தான் முதலிடம். ஆனால் ஆபத்தானவன் குரலை உயர்த்தாமல் பேசும் அப்போலோ.

"பாத்திரம்தானே பேசுகிறது" என்று தப்பிக்காதீர்கள்

வட்டத்தில் படித்தவர்கள் இருந்தால் இந்தச் சாக்கு கட்டாயம் வரும். பெண்களைத் திட்டியது ஹிப்போலிட்டஸ், யூரிப்பிடீஸ் அல்ல. சரிதான், ஆனால் கதையைக் கட்டியது யார்? ஃபீட்ராவின் பொய்ப் புகார் ஆண்கள் காலங்காலமாகப் பெண்கள் மேல் சுமத்தும் சந்தேகத்துக்குக் கைகொடுக்கிறது. இன்றைக்கும் ஒரு பெண் புகார் கொடுத்தால் முதலில் எழும் சந்தேகம் இதுதான். நாடகத்தின் தொடக்கத்தில் அஃப்ரோடைட்டி தேவி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறாள்: ஃபீட்ரா நல்ல பெயர் உள்ளவள், ஆனாலும் சாவாள், என் பகைவனைத் தண்டிப்பது முக்கியம், அவளுடைய கேடு எனக்குப் பெரிதல்ல. இரண்டு தெய்வங்களின் பகையில் ஒரு நல்ல பெண் கருவியாகச் சாகிறாள் என்பதை நாடகம் அறிந்தே செய்கிறது. அதற்காக அவளை விட்டுவைக்கவும் இல்லை. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

யூரிப்பிடீஸுக்குப் பெண்வெறுப்பாளர் பட்டம் வந்ததில் நகைச்சுவை நாடகக்காரர் அரிஸ்டோஃபனிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. கி.மு. 411இல் அவர் எழுதிய ஒரு நாடகத்தில், தங்களைக் கேவலப்படுத்திய யூரிப்பிடீஸை என்ன செய்வது என்று ஏதென்ஸ் பெண்கள் கூட்டம் போடுகிறார்கள். கேலி நாடகத்தை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை வாசித்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

நீலப் பென்சில்

சோஃபோக்ளிஸின் 'டிராக்கிஸ் பெண்கள்' நாடகத்தில் இயோலே என்ற இளம்பெண் வருகிறாள். அவளை அடைவதற்காகவே ஹெராக்ளீஸ் அவள் ஊரை அழித்து, சிறைபிடித்த பெண்கள் கூட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அவன் மனைவி டெயனைரா அந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நீ யாரம்மா என்று கேட்கிறாள். பதில் இல்லை. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அழுகிறாளே தவிரப் பேசவில்லை என்கிறான் உடன் வந்தவன். நாடகம் முழுவதிலும் அவளுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. முடிவில் சாகக் கிடக்கும் ஹெராக்ளீஸ் தன் மகனை அழைத்து, அவளை நீயே கட்டிக்கொள் என்று கட்டளை இடுகிறான். மகன் தயங்குகிறான், மறுக்கிறான், கடைசியில் இணங்குகிறான். அவளை யாரும் கேட்கவில்லை.

இதை வாசிக்கும்போது இயோலேக்கும் ஒருவரை நியமியுங்கள். வசனம் இல்லையே, எதற்கு என்பார்கள். நடுவில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், கையில் புத்தகம் கொடுக்க வேண்டாம். எங்கள் வட்டத்தில் தையல் கடைப் பெண்மணியின் மகள் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். டெயனைரா வாசித்தவர் "நீ யாரம்மா" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போகத் தடுமாறினார். தாளில் வாசித்தால் இந்தத் தடுமாற்றம் வராது.

சோஃபோக்ளிஸிடம் இன்னொரு வகை மௌனமும் உண்டு. தன்னால் கணவனுக்கு நேர்ந்த கேட்டை அறிந்த டெயனைரா ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள். 'ஆன்ட்டிகனி'யில் மகனின் சாவுச் செய்தி கேட்ட அரசி யூரிடைஸும் அப்படியே. இருவரும் வாளுக்கு இரையாகிறார்கள். பெண் பேசாமல் வீட்டுக்குள் போனால் குழுப்பாடகர்கள் பதறுகிறார்கள். மௌனம் அணியாக இருந்தால் எதற்குப் பதற்றம்?

இதற்கு நேர்மாறு கஸாண்ட்ரா. 'ஒரெஸ்டெயா'வின் முதல் பகுதியான 'அகமெம்னன்' நாடகத்தில், டிராயிலிருந்து சிறைபிடித்து வரப்பட்ட அவள் தேரில் அசையாமல் நிற்கிறாள். கிளைட்டெம்னெஸ்ட்ரா இறங்கி வரச் சொல்லி அலுத்து, இவளுக்கு நம் மொழி தெரியாது போலிருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறாள். அதன் பிறகுதான் கஸாண்ட்ரா வாயைத் திறக்கிறாள். திறந்தால் அந்த வீட்டின் பழைய கொலைகளும் நடக்கப்போகும் கொலையும் ஒன்றும் மிச்சமில்லாமல் வருகின்றன.

அதே நாடகத்தின் தொடக்கத்தில் குழுப்பாடகர்கள் இஃபிகேனியாவின் பலியைப் பாடுகிறார்கள் (228 முதல்). கப்பல்களுக்குக் காற்று வேண்டும் என்று தந்தை அகமெம்னனே மகளைப் பலியிடுகிறான். ஆட்டைத் தூக்குவது போலப் பலிபீடத்தின் மேல் தூக்கச் சொல்கிறான். அவள் வாயிலிருந்து குடும்பத்தின் மேல் சாபம் விழுந்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டச் சொல்கிறான். குங்குமப்பூ நிற ஆடை தரையில் சரிகிறது. ஓவியத்தில் இருப்பவள் போல, பேச வேண்டும் என்ற தவிப்போடு ஒவ்வொருவரையும் கண்ணால் பார்க்கிறாள். அங்கே பாடகர்கள் ஒன்றை நினைவுகூர்கிறார்கள்: தந்தையின் விருந்து மண்டபத்தில் அவள் எத்தனையோ முறை பாடியிருக்கிறாள். அந்த வாயைத்தான் கட்டினார்கள். வெட்டு விழும் கணத்தை மட்டும் பாடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பெண் பேசும் பெரிய உரைகளையும் சோதியுங்கள்

மெடேயாவின் உரை (214 முதல்) வந்ததும் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். உயிரும் அறிவும் உள்ளவற்றில் நாங்கள்தான் மிகவும் கேடுகெட்ட பிறவி. அதிகப் பணம் கொடுத்துக் கணவனை வாங்கி, எங்கள் உடலுக்கு எசமானனாக வைத்துக்கொள்கிறோம். ஒருமுறை பிள்ளை பெறுவதைவிடக் கேடயம் ஏந்தி மூன்று முறை போர்க்களத்தில் நிற்பேன். வரதட்சணை கொடுத்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர்கள் தம் கூட்டங்களில் இதை வாசித்திருக்கிறார்கள்.

கைதட்டிய பிறகு அதே நான்கு கேள்விகளை இவளிடமும் கேளுங்கள். யாரிடம் பேசுகிறாள்? கொரிந்துப் பெண்களிடம். எதற்காக? உரையின் முடிவில் வெளிவருகிறது: கணவனைப் பழிவாங்க ஒரு வழி கண்டுபிடித்தால் நீங்கள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அவர்களும் சம்மதிக்கிறார்கள். அவள் சொன்ன வரதட்சணைக் கதை அவளுடையதா? அவளுக்கு யாரும் பணம் கொடுத்துக் கல்யாணம் செய்து வைக்கவில்லை. ஜேசனுக்காகத் தன் உடன்பிறந்தவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவள் அவள். கேட்பவர்களின் துயரத்தைத் தன் துயரமாகப் பேசி அவர்களைத் தன் பக்கம் இழுக்கிறாள். அதனால் அவள் சொன்னது பொய்யாகிவிடுமா? ஆகாது. கணக்கோடு பேசப்பட்ட உண்மை அது. போட்டியில் அந்த ஆண்டு யூரிப்பிடீஸுக்குக் கடைசி இடமே கிடைத்தது.

"அந்தக் காலம் அப்படி" என்று யாராவது சொல்லும்போது இந்த உரையை எடுத்து முன்னால் வையுங்கள். அதே ஆண்டின் குளிர்காலத்தில் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்திய பெரிக்ளிஸ், நல்லதாகவோ கெட்டதாகவோ ஆண்களின் வாயில் பெயர் அடிபடாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெருமை என்று விதவைகளுக்கு அறிவுரை சொன்னதாக வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதுகிறார். ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு பேச்சு. அந்தக் காலத்துக்கும் தன்னோடு தனக்குச் சண்டை இருந்தது.

பெரிக்ளிஸின் அந்த அறிவுரைக்கு நான் அறிந்த கூர்மையான பதில் யூரிப்பிடீஸின் 'டிராய்ப் பெண்கள்' நாடகத்தில் (கி.மு. 415) இருக்கிறது. முந்தைய குளிர்காலத்தில்தான் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கியிருந்தது. நாடகத்தில் டிராய் வீரன் ஹெக்டரின் மனைவி ஆன்ட்ரொமாக்கி சொல்வதைப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியே போகாமல், வம்புப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல், கணவனிடம் எங்கே பேச வேண்டும் எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அறிந்து, நல்ல மனைவிக்குச் சொல்லப்பட்ட அத்தனையையும் செய்தேன். அந்த நல்ல பெயர்தான் கிரேக்கர் முகாம் வரை பரவி என்னை அழித்தது. அகிலீஸின் மகன் என்னைக் கேட்டு வாங்கியது அதனால்தான். இதற்குச் சிவப்பும் வேண்டாம், நீலமும் வேண்டாம். ஓரத்தில் பெரிக்ளிஸ் என்று எழுதி வையுங்கள்.

எந்த வரிசையில் வாசிப்பது

'மெடேயா'வில் தொடங்குங்கள், அது யாரையும் பிடித்து உட்கார வைத்துவிடும். பிறகு 'ஹிப்போலிட்டஸ்'. அடுத்து 'அஜாக்ஸ்', 'டிராக்கிஸ் பெண்கள்', 'டிராய்ப் பெண்கள்'. 'ஆன்ட்டிகனி' பலருக்கு ஏற்கெனவே தெரியும், இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் உயிரோடு இருக்கும் வரை ஒரு பெண் ஆளமாட்டாள் என்று அரசன் கிரேயோன் கொக்கரிப்பதற்கு மட்டும் சிவப்பு போட்டுவிட்டு, அவன் கதி என்ன ஆகிறது என்று பார்த்தால் போதும். 'ஒரெஸ்டெயா'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூன்று பகுதிகளையும் இடைவெளி விடாமல் வாசியுங்கள்.

'யூமெனிடிஸ்' வழக்குக் காட்சியில் அப்போலோ வாதத்தை முடித்ததும் நிறுத்துங்கள். புளியங்கொட்டையும் சோழியும் ஆளுக்கு ஒவ்வொன்று கொடுத்து, ஒரெஸ்டஸ் குற்றவாளி என்றால் கொட்டை, விடுதலை என்றால் சோழி, ஒரு சொம்பில் போடச் சொல்லுங்கள். எண்ணிவிட்டு, அதீனாவின் பேச்சை வாசியுங்கள்: என்னைப் பெற்ற தாய் என்று யாரும் இல்லை, திருமணம் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் நான் ஆணின் பக்கமே. அவள் வாக்கு ஒரெஸ்டஸுக்கு. சமமாக விழுந்தால் விடுதலை என்ற விதிப்படி அவன் வெளியே வருகிறான். உங்கள் சொம்பில் முடிவு வேறாக இருந்தால் யார் எதற்காக அப்படிப் போட்டார்கள் என்று கேட்டுவையுங்கள்.

பிறகு எல்லோரும் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு 'யூமெனிடிஸ்' முதல் பக்கத்திலிருந்து இஃபிகேனியாவின் பெயரைத் தேடுங்கள். முதல் நாடகத்தில் கணவனை வெட்டியதற்குக் காரணமாக கிளைட்டெம்னெஸ்ட்ரா சொன்ன மகள் அவள். பெயர் அகப்படாது. அப்போலோ சொல்லாததில் வியப்பில்லை. ஆனால் தாய்க்காக வாதாடும் பழிதேவதைகளும் சொல்வதில்லை. கணவனைக் கொன்ற கிளைட்டெம்னெஸ்ட்ராவை ஏன் விரட்டவில்லை என்று கேட்டால், கணவன் இரத்த உறவு இல்லை, இரத்த உறவைக் கொன்றவர்களையே நாங்கள் விரட்டுவோம் என்கிறார்கள். மகள் இரத்த உறவுதானே? அப்படியானால் அகமெம்னனை ஏன் விரட்டவில்லை? இதற்கு மட்டும் ஒரு தனி மாலை ஒதுக்குங்கள். எங்கள் மாடியில் அது இரவுச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போகும்.